மென்பொருள் படித்தாயிற்று, பாடம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த போயா விடுமுறையன்று என்னிடம் முன்பு படித்த பிள்ளை ஒருத்தி, தாயையும் கூட்டிக்கொண்டு உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊர் மூதூர்ப் பக்கம். விடிய முதல் பஸ்ஸில் ஏறி, கிண்ணியாப் பாலம் கடந்து, நகரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பிள்ளையின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சான்றிதழ் இருந்தது. இணையவழிப் பாடம் செய்யும் மென்பொருள் ஒன்றை மூன்று மாதம் படித்து முடித்ததற்கான சான்றிதழ். அந்தக் கட்டணத்துக்காகத் தாய் தன் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார்.

"ரீச்சர், நீங்களும் இந்த வேலைதானே செய்யிறீங்க. இனி நான் எங்க போய் வேலை கேக்கிறது?" என்றாள்.

லப்டொப்பைத் திறந்து தான் செய்த பாடத்தைக் காட்டினாள். தலைப்பு ஒளிச்சேர்க்கை. நாற்பது திரைகள். இலை ஆடுகிறது, சூரியன் சுழல்கிறது, பின்னால் இசை ஓடுகிறது. பிள்ளை கெட்டிக்காரிதான். மூன்று மாதத்தில் இவ்வளவையும் கைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். "இது ஆருக்கு அம்மா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் ரீச்சர்" என்றாள். "படிச்சு முடிய அவை என்ன செய்யவேணும்?" என்றதற்குப் பதில் வரவில்லை. அந்த மூன்று மாதத்தில் இந்த இரண்டு கேள்வியையும் அவளிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

இந்த வருடத்தில் இதே கேள்வியோடு என்னைத் தேடி வந்த நான்காவது ஆள் அவள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதை விட, உங்கள் பத்திரிகையில் ஒருமுறை எழுதினால் அடுத்த சங்கிலியாவது அடகுக் கடைக்குப் போகாமல் இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்யும் வேலையை வெளிநாட்டு நிறுவனங்கள் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் என்கின்றன. தமிழில் கற்றல் வடிவமைப்பு என்று சொல்லிவருகிறேன். ஒருவர் இன்று செய்யமுடியாத ஒரு காரியத்தை நாளை செய்ய வேண்டும். அதற்கு இடையில் அவருக்கு என்ன தெரியவேண்டும், எதைப் பழகவேண்டும், எதைச் சொல்லாமல் விட்டாலும் குறைவில்லை என்று பார்த்து ஒழுங்கு செய்து கொடுப்பதுதான் வேலை. திரையில் ஏற்றுவது கடைசிப் பகுதி.

உதாரணம் ஒன்று சொல்கிறேன். நிலாவெளிப் பக்கத்தில் ஒரு விடுதி. சமையலறையில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். உணவுச் சுத்தம் பற்றி ஒரு மணிநேரப் பாடம் வேண்டும், அதில் கை கழுவுவதை நன்றாகச் சொல்லுங்கள் என்று முகாமையாளர் கேட்டார். அவருடைய அனுமதியோடு இரண்டு நாள் காலையில் அந்தச் சமையலறையின் ஒரு மூலையில் நின்றேன். எப்போது கை கழுவவேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பச்சை மீன் தொட்ட பிறகு, குப்பை வாளி தொட்ட பிறகு, கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு என்று பதினான்கு பேரும் பிழையில்லாமல் சொன்னார்கள். ஆனால் கை கழுவும் தொட்டி இருந்தது வெளி விறாந்தையில், களஞ்சிய அறைக்கு அப்பால். சவர்க்காரப் போத்தல் வெறுமையாக இருந்தது. காலைச் சாப்பாட்டு நெரிசலில் அவ்வளவு தூரம் யார் போய்வருவார்கள்? இதற்குப் பாடம் தேவையில்லை, சமையலறைக்குள் ஒரு தொட்டி தேவை என்று எழுதிக் கொடுத்தேன். என் கூலியில் பாதி அந்த ஒரு வரியோடு போயிற்று. ஆனால் தொட்டி வந்தது.

உண்மையிலேயே தெரியாமல் இருந்தது வேறு விடயம். குளிர்சாதனப் பெட்டியில் பச்சை மீனை மேல்தட்டிலும் சமைத்த கறியைக் கீழ்த்தட்டிலும் வைத்திருந்தார்கள். மீன் தண்ணீர் கறிக்குள் சொட்டும். சமைத்த உணவு 5 பாகை செல்சியசுக்குக் கீழே அல்லது 60 பாகைக்கு மேலே இருக்கவேண்டும், இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமி பெருகும் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. அதற்கு ஆறு நிமிடப் பாடம் ஒன்று செய்தேன். அவர்களுடைய பெட்டியையே படமெடுத்து, மீனையும் கறியையும் சலாதையும் விரலால் இழுத்து உரிய தட்டில் வைக்கச் செய்தேன். பிழையான தட்டில் வைத்தால் கீழே என்ன சொட்டுகிறது என்று திரை காட்டும். ஒரு மாதம் கழித்துப் போய், முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மீன் கீழ்த்தட்டில் இருந்தது.

ஒரு பயிற்சியை நான்கு படியில் அளக்கலாம் என்று 1959 இல் டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கர் எழுதினார். படித்தவருக்குப் பிடித்ததா, அவர் கற்றாரா, வேலையில் அவர் நடத்தை மாறியதா, அதனால் பலன் விளைந்ததா என்பவை அந்த நான்கு. நம் செயலமர்வுகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாள் கொடுத்து "பயனுள்ளதாக இருந்ததா?" என்று கேட்பதோடு முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம். பெட்டியைத் திறந்து பார்ப்பது மூன்றாம் படி.

இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். நான் விஞ்ஞானப் பட்டதாரி. 2017 இல் கிழக்கில் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரம் பந்தல் போட்டு இரவு பகலாக இருந்த நாட்களில் நானும் போய் இருந்தேன். பிறகு மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது கிண்ணியாவில் பாதை எனும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். 2009 இல் பாலம் திறந்த பிறகு பஸ் நேரே போனது. அந்தப் பஸ்ஸில் போகவும் வரவுமாகத்தான் அந்தப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன்.

2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. பத்தாம் தரத்தில் எனக்கு இருபத்தேழு பிள்ளைகள். பத்தொன்பது வீட்டில்தான் வட்ஸ்அப் உள்ள தொலைபேசி இருந்தது. அதிலும் பல வீடுகளில் அது தகப்பனோடு கடலுக்குப் போய்விடும், பொழுதுபட்டுத்தான் திரும்பும். எல்லாரும் செய்ததையே முதல் இரண்டு கிழமையும் நானும் செய்தேன். குறிப்புகளைப் பீ.டி.எப். ஆக்கி அனுப்பினேன். பார்த்ததற்கான நீல அடையாளம் விழும், வேறொன்றும் நடக்காது. ஒருநாள் ஒரு பிள்ளையின் தாய் அழைத்து, "ரீச்சர், எழுத்து எறும்பு மாதிரிக் கிடக்கு, பெருப்பிச்சா ஓரம் வெட்டுப்படுது, பிள்ளை அழுகுது" என்றார்.

மூன்றாம் கிழமையிலிருந்து குரல் பதிந்து அனுப்பினேன். நான்கு நிமிடம், அதற்கு மேலே இல்லை. ஒலியின் தரத்தை 32 கிலோபிற்றுக்குக் குறைத்தால் நான்கு நிமிடப் பதிவு ஏறத்தாழ ஒரு மெகாபைற்றுக்குள் அடங்கும், ரீலோட் போட வழியில்லாத வீட்டிலும் இறங்கும். தொடக்கத்தில் முந்தைய நாள் விடயத்தில் ஒரு கேள்வி. பிறகு ஒரேயொரு புதிய விடயம். முடிவில் வீட்டிலோ வளவிலோ செய்துபார்க்க ஒரு வேலை: தேங்காயெண்ணெயும் தண்ணீரும் ஒரு கிளாசில் ஊற்றிப் பார், எது மேலே நிற்கிறது, ஏன்? பதிலைக் குரலிலேயே அனுப்பச் சொன்னேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒவ்வொன்றாக வரும். பின்னால் நாய் குரைக்கும், தங்கச்சி சிணுங்குவாள், ஆனால் பதில் வந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெடியன் எண்ணெயின் அடர்த்தியைப் பற்றி மூன்று நிமிடம் பேசி அனுப்பினான். அந்தப் பதிவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நான் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, அது ஒரு தொழில் என்பது அடுத்த வருடம் வாசிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. முந்தைய நாளை நினைவூட்டிவிட்டுத் தொடங்குவது, செய்யவிட்டுப் பார்ப்பது, செய்ததைப் பற்றித் திருப்பிச் சொல்வது எல்லாம் ரொபட் கான்யே என்ற உளவியலாளர் வரிசைப்படுத்திய ஒன்பது படிகளுக்குள் இருந்தன. அவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படையினரின் பயிற்சியோடு வேலை செய்தவர். நான்கு நிமிடத்தில் ஒரேயொரு புதிய விடயம் ஏன் பலித்தது என்பதற்கு ஜோன் சுவெல்லர் என்ற உளவியலாளர் 1988 இல் எழுதியதில் பதில் இருந்தது. மனதின் முன்மேசை சிறியது, ஒரே நேரத்தில் அதில் கொஞ்சம்தான் வைக்கலாம். இந்தத் துறைக்கு வருகிறவர் எவரும் முதலில் கேள்விப்படுவது அடி (ADDIE) என்ற ஒழுங்கைத்தான்: பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடு. 1975 இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க இராணுவத்துக்காக உருவானது. அந்த ஐந்தில் மூன்றாவதைத்தான், அதிலும் ஒரு மென்பொருளை மட்டும்தான், அந்தப் பிள்ளைக்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குக் கூலி கிடைத்த முதல் வேலையில் நான் விட்ட பிழையையும் எழுதுகிறேன். முன்பள்ளி ஆசிரியைகளுக்கான ஒரு பாடம். வளவாளர் எண்பத்து நான்கு பவர்பாயின்ட் பக்கங்களைத் தந்தார். ஒன்றையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் திரையில் ஏற்றி, ஒவ்வொரு வரியையும் என் குரலில் வாசித்துச் சேர்த்தேன். மூன்று கிழமை நித்திரை இல்லை. தம்பலகாமத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியையைப் பக்கத்தில் இருத்திப் பார்க்கச் சொன்னபோது, அவர் ஐந்தாம் திரையிலேயே நிறுத்திவிட்டு, "நான் வாசிச்சு முடிச்சிட்டன், உங்கட குரல் இன்னும் பாதியிலதான் நிக்குது. ரெண்டும் சேர்ந்து தலையிடிக்குது பிள்ளை" என்றார். திரையில் உள்ள எழுத்தையே குரலும் சொன்னால் கற்றலுக்கு அது உதவாமல் இடைஞ்சலாகும் என்பதை ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பரிசோதனைகளில் காட்டியிருக்கிறார். நான் அதை வாசித்தும் இருந்தேன். ஆனால் அந்த ஆசிரியை சொன்ன பிறகுதான் அது எனக்கு ஏறியது. எண்பத்து நான்கு பக்கமும் பதினொன்றாயின. மிச்சத்தை அச்சடிக்கக்கூடிய ஒரு கைநூலாக்கினேன். உங்கள் பாடத்தை ஒருவர் படிக்கும்போது பக்கத்தில் இருந்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். ஐந்து பேரிடம் அப்படிச் செய்தாலே பெரிய பிழைகள் அநேகமாக வெளியே வந்துவிடும்.

இனி, தொடங்க நினைக்கிறவர்களுக்கு.

மென்பொருளைக் கடைசியில் வையுங்கள். முதலில் உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். அவருக்குச் செய்யத் தெரியாத ஒரு சின்னக் காரியத்தை எடுங்கள். படித்து முடிந்ததும் அவர் என்ன செய்வார் என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். அந்த வசனத்தில் "விளங்கிக்கொள்வார்", "அறிந்துகொள்வார்" என்ற சொற்கள் வந்தால் வெட்டிவிடுங்கள். விளங்கியதை எவராலும் கண்ணால் பார்க்க முடியாது. "நிரப்புவார்", "வேறுபடுத்துவார்", "கழற்றிப் பூட்டுவார்" என்று பார்க்கக்கூடிய வினைச்சொல் வேண்டும். கல்வியியல் படித்த எவருக்கும் கற்றல் நோக்கங்களைப் படிப்படியாக வகுக்கும், 1956 இல் வந்த புளூமின் பாகுபாடு தெரிந்திருக்கும். பாடக் குறிப்பேட்டில் முத்திரை வாங்குவதற்காக அதை எழுதியிருப்போம். இந்த வேலையில் அது உண்மையாகவே பயன்படுகிறது.

பிறகு வேர்ட் கோப்பில் ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு நிரலில் திரையில் தெரிவது, அடுத்ததில் குரல் சொல்வது, அடுத்ததில் படிக்கிறவர் செய்வது, கடைசியில் அவர் பிழைவிட்டால் நாம் சொல்வது. இதைத்தான் ஸ்டோரிபோர்ட் என்கிறோம். நான் வேலை தேடிய காலத்தில் என்னை நேர்முகம் கண்ட இரண்டு இடங்களிலும் முதலில் கேட்டது இதைத்தான். கடைசி நிரலை நிறைக்கத் தெரிகிறதா என்றுதான் பார்த்தார்கள். "பிழை, மீண்டும் முயற்சிக்க" என்று எழுதுவது எவருக்கும் வரும். ஏன் அந்தப் பிழையை விட்டிருப்பார் என்று ஊகித்து எழுதுவதற்கு வகுப்பறையில் நின்ற அனுபவம் வேண்டும். நம் மாவட்டத்தில் தொண்டர் ஆசிரியர்களாகவும் ரியூசன் ஆசிரியர்களாகவும் வருடக்கணக்காக நிற்பவர்களிடம் அது நிறையவே இருக்கிறது. பத்தாம் தரப் பிள்ளை திணிவையும் நிறையையும் எந்த இடத்தில் குழப்பும் என்று எனக்குத் தெரியும். எந்த மென்பொருளும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

கருவிகளுக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். இணையவழிப் பாடங்களை ஏற்றி நடத்தும் தளமான மூடில் 2002 இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, நம் பல்கலைக்கழகங்கள் பலவும் அதைத்தான் பாவிக்கின்றன, உங்கள் கணினியிலேயே நிறுவிப் பழகலாம். எச்5பி என்பது திரையில் செய்துபார்க்கும் பயிற்சிகளை ஆக்க நோர்வேயிலிருந்து வந்த திறந்த மூலக் கருவி, அதுவும் இலவசம். லூமி என்ற மென்பொருளை ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் வீட்டு லப்டொப்பிலேயே எச்5பி பயிற்சிகள் செய்யலாம். வேலை விளம்பரங்களில் அடிக்கடி கேட்கப்படும் ஸ்டோரிலைன் என்ற பாடம் செய்யும் மென்பொருளுக்குச் சந்தா உண்டு, நமக்கு அது பெரிய தொகை. ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்குப் பரீட்சார்த்தமாக இலவசமாகப் பாவிக்கலாம். ஸ்டோரிபோர்ட் மூன்றை எழுதி, ஐந்து பேரிடம் தாளிலேயே காட்டித் திருத்தி முடித்த பிறகு அந்தப் பரீட்சார்த்த நாட்களைத் தொடங்குங்கள். மூன்று மாதிரிப் பாடங்கள் கையில் இருக்கும், இணைப்பை அனுப்பலாம். சான்றிதழை விட அந்த மூன்றும் பேசும். செய்த பாடத்தை, கற்றல் தளங்கள் பலவும் ஏற்கும் ஸ்கோர்ம் என்ற வடிவில் பொதியாக்கி மூடிலில் ஏற்றி, முடித்தவருக்கு முடித்ததாகப் பதிகிறதா என்று சரிபார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் போன பிறகு பதியாவிட்டால் வரும் தலையிடி பெரியது.

குரல் பதிவுக்குத் தனி அறை இல்லாதவர்கள் அலுமாரியைத் திறந்து, தொங்கும் உடுப்புகளுக்கு முகம் கொடுத்துப் பேசுங்கள், எதிரொலி அடங்கும். நான் அதிகாலை நான்கு மணிக்குப் பதிகிறேன். அதற்குப் பிறகு கோயில் ஒலிபெருக்கி, அதற்குப் பிறகு காகம், அதற்குப் பிறகு மீன்காரரின் ஹோர்ன்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். இலங்கையில் மூன்று மொழியில் வரும் இணையவழிப் பாடங்களில் நான் வேலை செய்தவை பலவும் ஆங்கிலத்தில் வடிவமைக்கப்பட்டு, ஆங்கிலத்திலேயே பரீட்சிக்கப்பட்டு, முடிந்த பிறகு "இரண்டு நாளில் தமிழ் போட்டுத் தாருங்கள்" என்று வந்தவை. தமிழ்ச் சொல் நீளமானது. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானுக்குள் "சமர்ப்பிக்கவும்" அடங்காது, பாதி வெட்டுப்படும். தட்டச்சுச் செய்து தருபவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தந்தால் அதை அப்படியே ஒட்டும்போது திரையில் ஆங்கில எழுத்தும் குறியீடும் குப்பையாக விழும், யுனிக்கோடுக்கு மாற்றவேண்டும். மாற்றிய பிறகும் சில மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமும் நிற்கும். இதையெல்லாம் முதல் நாளே எழுத்துரு ஒன்றைப் போட்டுப் பரீட்சித்தால் அரை மணிநேர வேலை. கடைசி இரண்டு நாளில் கண்டால் பாடமே நாசம்.

அதைவிட ஆழமான சிக்கல் சொல்லில் இருக்கிறது. என் மாணவி தன் பாடத்துக்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர் வைத்திருந்தாள் என்றேன் அல்லவா? இணையத்தில் தேடி எடுத்த சொல். தமிழ்நாட்டில் அதுதான் சரி. ஆனால் நம் பாடநூலில் அது ஒளித்தொகுப்பு. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். அவள் படித்தது ஒளித்தொகுப்பு, பரீட்சையில் எழுதியது ஒளித்தொகுப்பு. பாடம் செய்யும்போது தானறிந்த சொல்லை விட்டு, திரையில் கண்ட சொல்லைப் பிடித்துவிட்டாள். அதைப் படிக்கும் மூதூர்ப் பிள்ளை இரண்டும் ஒன்றுதானா என்று யோசிக்கும் அந்தக் கணத்தில் பாடம் கைநழுவிவிடும். இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் இருபது வினாக்கள் தமிழில் வந்து விழுகின்றன. நானும் வரைவுக்குப் பாவிக்கிறேன். ஆனால் அவற்றில் வரும் சொற்கள் பெரும்பாலும் அக்கரைச் சொற்கள். நம் பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்த ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆள் சாதாரண தரப் பாடத்தைத் தமிழில் படிப்பித்தவராக இருந்தால் வேலை கச்சிதமாக நடக்கும். இந்தத் துறையில் நம் பிள்ளைகளுக்கு இடம் இருப்பது இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உதாரணக் கதைகளில் வரும் பெயர்களையும் பாருங்கள். திருகோணமலை மாவட்டத்துக்குப் பாடம் செய்தால் அதில் ஒரு பாத்திமாவும் ஒரு நிமலும் ஒரு கோணேஸ்வரியும் இருக்கவேண்டும். குச்சவெளியிலிருந்து வெருகல் வரை அப்படித்தான் வாழ்கிறோம்.

கஷ்டங்களையும் மறைக்கமாட்டேன். இது மாதச் சம்பளம் நிச்சயமான வேலை அல்ல. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கூலி, சில வேளை மூன்று மாதம் பிந்தியும் வரும். வேலையை ஒப்புக்கொள்ள முன் எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள் என்பதை எழுத்தில் வையுங்கள். நான் வைக்காமல் ஒரு பாடத்தை ஒன்பது தடவை திருத்தினேன். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் கையளிப்புத் திகதி தவறி ஒரு வெளிநாட்டு வேலையை இழந்தேன். ஆகவே ஆசிரியர் நியமனம் கிடைத்தால் அதை எடுங்கள், இந்த வேலையை மாலையில் செய்யுங்கள். நியமனத்துக்குக் காத்திருக்கும் வருடங்களைச் சும்மா கழிக்கவேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பொறுப்பில் உள்ளவர்களிடம் மூன்று வேண்டுகோள். வலயங்களில் உள்ள கணினி வள நிலையங்களைச் சனிக்கிழமைகளில் தொண்டர் ஆசிரியர்களுக்குத் திறந்துவிட்டால், மூடிலும் எச்5பியும் பழக அதுவே போதும். மாகாணக் கல்வித் திணைக்களம் நம் நகரில்தான் இருக்கிறது, கதவைத் தட்டுவது தூரமில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடலும் வணிகமும் படிப்பிக்கிறார்கள், பிரயோக விஞ்ஞானமும் இருக்கிறது. எழுதத் தெரிந்த மாணவரையும் கணினி நிரல் எழுதத் தெரிந்த மாணவரையும் ஒரே மேசையில் இருத்தி ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் செய்வித்தால் என்ன? நிதி கொடுத்துத் தமிழ்ப் பாடம் செய்விக்கும் நிறுவனங்கள், தமிழில் படிப்பித்த ஒருவரை முதல் கூட்டத்திலேயே இருத்தட்டும். கடைசி இரண்டு நாளில் கூப்பிடவேண்டாம்.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அன்று அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. நாற்பது திரையையும் மூடிவைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த தாயிடம், "அம்மா, நீங்க ஆரையும் கேட்டுத்தான் செய்யிற வேலை ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, ஏ.ரி.எம். மெசினில் காசு எடுக்கத் தெரியாது, அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துத்தான் எடுப்பிப்பது என்றார். அவள் திரும்பித் தாயைப் பார்த்தாள். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து வட்ஸ்அப்பில் ஒரு பாடம் வந்தது. மூன்று நிமிடம், ஏழு திரை, இசை இல்லை. இரகசிய இலக்கத்தை அழுத்துவதிலிருந்து பற்றுச்சீட்டை எடுப்பது வரை, தாயின் விரல் அளவுக்குப் பெரிய பொத்தான்கள். தாய் வீட்டில் நான்கு தடவை பிழையில்லாமல் செய்துவிட்டு மூதூர் வங்கிக்குப் போயிருக்கிறார். மெசின் முதலில் எந்த மொழி என்று கேட்டிருக்கிறது. பாடத்தில் அந்தத் திரை இல்லை. அவர் அட்டையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"வாசலில நிண்டு எல்லாத்தையும் பார்த்தன் ரீச்சர், ஒண்டும் சொல்லயில்ல" என்று குரல் அனுப்பியிருந்தாள். மொழித் திரையைச் சேர்த்து இப்போது திருப்பி எழுதுகிறாள். வருகிற சம்பள நாளன்று தாய் மறுபடி போகிறார்.

இப்படிக்கு,
முன்னாள் தொண்டர் ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.